மூன்று ஆண்டு சம்பளம் இல்லாமல் மயக்கவியல் நர்ஸ் படிப்பு: பணமும் மனமும் தாங்குமா?

கேள்வி இது: "எனக்கு 33 வயது. தேனிப் பக்கம் பிறந்து, மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கிரீன் கார்டோடு டாலஸ் வந்து ஆறு ஆண்டுகளாக இருதய ஐசியூவில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு மென்பொருள் வேலை. நான்கு வயதில் ஒரு மகள். வீட்டுக் கடன் ஓடுகிறது. ஊருக்கு மாதம் நாற்பதாயிரம் ரூபாய் அனுப்புகிறேன். கையிருப்பு 60,000 டாலர். 2027-இல் மயக்கவியல் நர்ஸ் படிப்பில் சேர எண்ணம். நான் பார்த்து வைத்திருக்கும் பள்ளியில் மூன்று ஆண்டுக் கட்டணம் மட்டும் 1,30,000 டாலர். படிக்கும்போது வேலை பார்க்க முடியாது என்கிறார்கள். பணத்தைச் சமாளிக்க முடியுமா? மனது தாங்குமா? அக்கா, மழுப்பாமல் சொல்லுங்கள்."

மழுப்பாமலே சொல்கிறேன். நான் கோவில்பட்டிக்காரி. ஒன்பது ஆண்டுகள் ஐசியூவில் இருந்துவிட்டு 35 வயதில் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். முடித்து வெளியே வந்தபோது என் பெயரில் 1,38,000 டாலர் கடன் இருந்தது. இன்று மயக்க மருந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மறுபடியும் இதில் சேர்வாயா என்று கேட்டால், சேர்வேன். ஆனால் அன்று போனதுபோல் கண்ணை மூடிக்கொண்டு போக மாட்டேன்.

முதலில் எல்லோரும் போடும் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்கில், நர்ஸ் ஒருவரின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) ஆண்டுக்கு 93,600 டாலர். மயக்கவியல் நர்ஸுக்கு 2,23,210 டாலர். வித்தியாசம் ஏறத்தாழ 1,30,000. நீங்கள் மூன்று ஆண்டு இழக்கும் சம்பளம் 2,80,800. அதோடு கட்டணத்தைச் சேர்த்தால் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் ஆகிறது. கூடுதலாக வரும் பணத்தில் வரியும் வட்டியும் போக, வேலைக்குச் சேர்ந்த ஐந்தாறு ஆண்டுகளில் விட்டதைப் பிடித்துவிடலாம். 34-இல் சேர்ந்து 37-இல் முடித்தால், 43 வயதுக்குள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

இந்தக் கணக்கு எப்போது போட்டாலும் தேறும். தேறுவதுதான் சிக்கல். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் பணத்தைக் காட்டி இந்த மாத வீட்டுத் தவணையைக் கட்ட முடியாது. என்னோடு படித்தவர்களில் பணத்தால் தடுமாறிய எல்லோருமே, "கடைசியில் எவ்வளவு வரும்" என்று கணக்குப் போட்டவர்கள்தான். "அடுத்த ஆண்டு அக்டோபரில் கையில் எவ்வளவு இருக்கும்" என்று போட்டவர்கள் தப்பித்தார்கள். நான் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

கடன் விஷயத்தில் உங்கள் நிலைமை என்னுடையதைவிடக் கடினமானது. நான் படித்தபோது 'கிராட் பிளஸ்' என்ற அரசுக் கடன் இருந்தது. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்துப் பள்ளி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் வாங்கலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதைப் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல் மூடிவிட்டது. இனி மேற்படிப்புக்கு அரசிடம் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர், அவ்வளவுதான். மருத்துவம், சட்டம் போன்ற 'தொழில்முறைப் பட்டங்கள்' என்ற வகைக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 உண்டு. அந்த வகைக்கு வரையறை எழுத உட்கார்ந்த குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட பட்டியலில் நர்சிங் இல்லை. நர்ஸ்கள் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. அது மாறும் என்று நம்பி நீங்கள் கணக்குப் போடாதீர்கள். மாறினால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

ஆக, மூன்று ஆண்டுக்கு அரசிடமிருந்து உங்களுக்குக் கிடைப்பது 61,500. கட்டணத்திலேயே இன்னும் 68,500 குறைகிறது. கையிருப்பு முழுவதையும் கொட்டினாலும் துண்டு விழும். அப்புறம் சாப்பாடு, தவணை, குழந்தை காப்பகம் எல்லாவற்றுக்கும் உங்கள் கணவரின் சம்பளம் ஒன்றுதான். இடைவெளியை நிரப்பத் தனியார் வங்கிகள் ஓடி வரும். தனியார் கடனுக்கு வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் அரசுத் திட்டம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. பெரும்பாலும் இன்னொருவர் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கணவரிடம் கேட்பதற்கு முன், படிப்பு பாதியில் நின்றாலும் அந்தக் கடன் நிற்காது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெண்ணிடம் "உன்னால் முடியும்" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் பேசுவது அபசகுனம் என்று நினைப்பார்கள். இங்கே பேசியாக வேண்டும். கிரேடு குறைந்து வெளியேற்றப்படுகிறவர்கள் உண்டு. நடுவில் உடம்புக்கு முடியாமல் போகிறவர்களும் உண்டு.

வட்டியையும் கவனியுங்கள். மேற்படிப்புக்கான அரசுக் கடனில், நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வட்டி ஏறும். 2025-26 கல்வி ஆண்டுக்கு அது 7.94 விழுக்காடு. இதே விகிதம் நீடித்தால், 61,500-ஐ மூன்று ஆண்டில் தவணை தவணையாக வாங்கி முடித்து, படிப்புக்குப் பிந்தைய ஆறு மாத அவகாசமும் கழியும்போது பத்தாயிரம் டாலருக்கு மேல் வட்டி சேர்ந்திருக்கும். ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வட்டி கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? ஆனாலும், கணினித் திரையில் எண்ணாக இருப்பதாலோ என்னவோ, இந்தக் கடன் கண்ணை உறுத்துவதில்லை.

கட்டணப் பட்டியலில் வராத செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை மூலம் வந்த மருத்துவக் காப்பீடு போய்விடும். குடும்பமே உங்கள் காப்பீட்டில் இருந்தால் சேர்வதற்கு முன்பே கணவரின் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி ஒரே மருத்துவமனையில் நடக்காது. குழந்தைகள், இருதயம், பிரசவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊருக்கு அனுப்புவார்கள். எனக்கு இரண்டு மாதம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டி வந்தது. வீட்டுத் தவணை ஒரு பக்கம், அறை வாடகை ஒரு பக்கம். முடிவில் தேசியச் சான்றிதழ் தேர்வுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர். அதை எழுதி, உரிமம் வாங்கி, மருத்துவமனை உங்கள் சான்றுகளைச் சரிபார்த்து, முதல் சம்பளம் வரும்வரை ஓரிரு மாதம் எளிதில் ஓடிவிடும். மூன்று ஆண்டு என்று திட்டமிடாதீர்கள், மூன்றேகால் ஆண்டு என்று வையுங்கள்.

"கொஞ்சம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமே" என்று உங்கள் மாமியார் கேட்பார். வகுப்பும் பயிற்சியும் சேர்ந்து வாரத்துக்கு 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கீகார அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது, நான்கு வாரச் சராசரியில். வரம்பே 64 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரம் அதில் சேராது. முதல் பருவத்தில் மாதம் ஓரிரு ஷிஃப்ட் பார்த்தவர்கள் இருந்தார்கள். பயிற்சி தொடங்கியபின் ஒருவரும் இல்லை.

உதவி கிடைக்கும் வழிகள் சில உண்டு. கடைசி ஆண்டில் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து, படித்து முடித்ததும் எங்களிடம் இத்தனை ஆண்டு வேலை பார் என்று ஒப்பந்தம் போடும் மருத்துவமனைகள் இருக்கின்றன. நடுவில் விலகினால் எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பத்தியை முதலில் படியுங்கள், தொகையை அப்புறம் பாருங்கள். சம்பளத்தோடு படிக்கும் வழி ராணுவம்: சான் அன்டோனியோவின் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் பேய்லர் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடக்கும் படிப்பு. அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், முடித்தபின் சேவைக் கடமையும் உண்டு. நான்கு வயது மகளோடு அடிக்கடி ஊர் மாறத் தயாரா என்று யோசியுங்கள். பிறகு, பத்து ஆண்டு தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் பொதுச் சேவைத் திட்டம். லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சம்பளம் தருவது யார் என்பதுதான் கேள்வி. மயக்கவியல் துறையைத் தனியார் குழுக்களுக்கு ஒப்பந்தம் விட்டிருக்கும் மருத்துவமனைகள் ஏராளம். கட்டடம் அறக்கட்டளையுடையது, காசோலை தனியாருடையது என்றால் தள்ளுபடி இல்லை.

ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வருகிறேன். சேர்வதற்கு நான்கு மாதம் முன்பு அப்பாவை அழைத்து, மூன்று ஆண்டுக்கு மாதப் பணம் அனுப்ப முடியாது என்று சொன்னேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முடித்தால் டாக்டர் ஆகிவிடுவாயா?" என்றார். முனைவர் பட்டம்தான், ஆனால் டாக்டர் இல்லை, நர்ஸ்தான், மயக்க மருந்து கொடுப்பேன் என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர். நர்ஸ் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பவர். இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு யாரோ மகளை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார். இங்கே ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் 1909-லேயே நர்ஸ்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும், மேயோ மருத்துவமனையின் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட மயக்க மருந்து அனுபவத்தை 1906-இல் கட்டுரையாக எழுதினார் என்றும் தொலைபேசியில் வரலாற்றுப் பாடம் எடுத்தேன். "சரி, உன் இஷ்டம்" என்றார். அந்த "உன் இஷ்டம்" மூன்று ஆண்டும் காதில் ஒலித்தது. இருந்தாலும் சொன்னது நல்லதாயிற்று. என்னோடு படித்த மலையாளத் தோழி ஒருத்தி சொல்லாமல் கிரெடிட் கார்டில் இழுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் அந்தக் கடனை நினைத்தே அவளுக்குத் தூக்கம் போயிற்று.

நீங்கள் நாற்பதாயிரத்தைப் பத்தாயிரமாகக் குறைக்கலாம். ஆனால் சேர்வதற்கு முன் சொல்லிவிடுங்கள், சேர்ந்தபின் அல்ல.

இனி, மனது. எல்லோரும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவார்கள். தூக்கமின்மை, தேர்வு, நீண்ட நாள் எல்லாம் உண்மைதான். இருதய ஐசியூவில் இரவு ஷிஃப்ட் பார்த்த உங்களுக்கு அவை புதிதில்லை. உங்களை அடிக்கப்போவது வேறொன்று.

பயிற்சி தொடங்கி மூன்றாவது மாதம். காலை நாலரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, மயக்க மருந்து இயந்திரத்தைச் சோதித்து, உறிஞ்சுகுழாயைச் சரிபார்த்து, மயக்கம் தரும் ப்ரொபோஃபாலும் தசையைத் தளர்த்தும் ரோக்குரோனியமும் ஊசிகளில் ஏற்றிப் பெயர் ஒட்டி வைத்துவிட்டு நின்றேன். பெரிய உடம்புக்காரர் ஒருவர். எனக்குச் சின்னக் கை. முகமூடியை அழுத்தித் தாடையைத் தூக்கிப் பிடிக்கவே விரல் வலித்தது. சுவாசக் குழாயைச் செலுத்தினேன். திரையில் கரியமில வாயுக் கோடு எழவில்லை. குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. பயிற்சியாளர் என்னை நகர்த்திவிட்டு, குழாயை எடுத்து, முகமூடியால் மூச்சுக் கொடுத்து, தானே சரியாகச் செலுத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அவர் அறுவை மருத்துவர் முன்னால், "ஒன்பது வருடம் ஐசியூவில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றார். மாலையில் கார் நிறுத்தத்தில் வண்டியைக் கிளப்பாமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அழுதது குழாய்க்காக இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் ஆங்கிலத்தைக் கேட்டு "மறுபடி சொல்லுங்கள்" என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வாயடைக்க வைத்தது என் கைவேலை. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால், இளம் மருத்துவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மருந்தைச் சொல்வார்கள். அந்த மரியாதைதான் இங்கே எனக்கு ஊர், உறவு எல்லாம். படிப்பில் சேர்ந்த அன்று அதைச் செருப்புபோல வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. பணத்தையாவது கடன் வாங்கலாம், இதை யாரிடம் வாங்குவது? இங்கேயே பிறந்து வளர்ந்த சக மாணவர்களுக்கும் இந்தச் சரிவு உண்டு. ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போய் நிற்க வேறு இடங்கள் இருந்தன. நமக்கு அந்த ஒரே இடம்தான்.

தினமும் ஒரு பயிற்சியாளர், தினமும் ஒரு மதிப்பீட்டுத் தாள். திங்கட்கிழமை ஒருவர் பிளாஸ்திரியை இப்படி ஒட்டச் சொல்வார். செவ்வாய்க்கிழமை இன்னொருவர் அதைப் பிய்த்து எறிவார். சரி, தப்பு என்று மனதில் எடுத்துக்கொண்டால் பைத்தியம் பிடிக்கும். நான் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். புது மருமகள் மாமியார் வீட்டில் யாருக்குக் காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று நினைவில் வைப்பதுபோல. சிரிப்பாக இருக்கும், ஆனால் உதவியது. பட்டம் பெறக் குறைந்தது 600 நோயாளிகள், 2,000 மணி நேரப் பயிற்சி தேவை. பெரும்பாலோர் அதைத் தாண்டியே முடிக்கிறார்கள். எனக்குக் கை படிந்தது ஏறத்தாழ முந்நூறாவது நோயாளிக்கு அப்புறம். அதுவரை ஒவ்வொரு நாளும் நான் தவறான முடிவு எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பள்ளியின் மனநல ஆலோசகரை முதல் பருவத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள், ஒன்றும் இல்லாதபோதே. பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்களுக்கு அது இலவசம். நம் ஆட்கள் கடைசி நிமிடம்வரை போவதில்லை. வெளியே தெரிந்தால் உரிமத்துக்கு ஆபத்து என்ற பயம் ஒருபக்கம், "நமக்கெல்லாம் எதற்கு" என்ற வீம்பு இன்னொரு பக்கம். நான் இரண்டாம் ஆண்டில்தான் போனேன், ஓராண்டு வீணாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் காத்திருக்கவே கூடாது. 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. இந்தத் தொழிலில் ஃபென்டனில் என்ற கடுமையான வலிநிவாரணியும் ப்ரொபோஃபாலும் தினமும் கையில் புழங்கும். இரண்டுக்கும் அடிமையாகிவிட முடியும். களைத்துப்போன, வெட்கப்பட்டு ஒடுங்கிய மனிதரின் கையில் அவை இருப்பது ஆபத்து. கெட்டவர்கள்தான் அதில் விழுவார்கள் என்று நினைக்காதீர்கள். நன்றாகப் படிப்பவர்கள் விழுந்திருக்கிறார்கள். அதனால்தான் இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, அமெரிக்க மயக்கவியல் நர்ஸ்கள் சங்கம் ரகசியம் காக்கும் உதவி ஏற்பாடு ஒன்றையும் நடத்துகிறது. வகுப்பில் இதைப் பற்றிப் பேசும்போது "எனக்கில்லை" என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. பின்னாளில் தெரிந்த ஒருவர் வேலையிலிருந்து காணாமல் போனபோதுதான் புரிந்தது.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்வியில் அவள்தான் இருக்கிறாள். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சலோடு இருந்தவனை விட்டுவிட்டு இருதய அறுவைக்குப் போன நாள் உண்டு. பள்ளி ஆண்டு விழாக்கள் மூன்றில் இரண்டுக்குப் போகவில்லை. அவனுக்கு இன்று அது நினைவில்லை, எனக்கு இருக்கிறது. கணவர் மூன்று ஆண்டும் சமைத்தார், தோசை வட்டமாக வராதது தவிர எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் யார் எப்போது பிள்ளையை அழைத்து வருவது என்பது மட்டும்தான். அதைக் கவனித்தவர் அவர். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் புத்தகத்தை மூடச் சொன்னார். முதலில் கோபம் வந்தது. மதிப்பெண் ஒன்றும் குறையவில்லை. ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ ஆறு மாதத்துக்கு வரவழைக்க முடிந்தால், முதல் பருவத்துக்கு அழைக்காதீர்கள். பயிற்சி முழு வேகத்தில் ஓடும் இரண்டாம் ஆண்டுக்கு விசாவும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

அப்படியானால் போகலாமா? என் கருத்து: போகலாம், ஆனால் 1,30,000 டாலர் பள்ளிக்கு அல்ல. டெக்சாஸில் வசிப்பவர் என்ற முறையில் குறைந்த கட்டணம் கேட்கும் அரசுப் பள்ளிகளுக்கும் விண்ணப்பியுங்கள். அதற்காக ஓராண்டு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. பட்டத்தின் பின்னால் இருக்கும் பள்ளியின் பெயரைப் பார்த்து யாரும் சம்பளம் கூட்டிக் கொடுப்பதில்லை. இந்திய மதிப்பெண் பட்டியலை மதிப்பிட்டு வாங்க மாதங்கள் ஆகும், அதை இப்போதே தொடங்குங்கள்.

இந்த மாதத்திலிருந்து உங்கள் சம்பளம் முழுவதையும் ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டு, கணவரின் சம்பளத்தில் மட்டும் ஆறு மாதம் வாழ்ந்து பாருங்கள். எந்தச் செலவில் இடிக்கிறது, யாருக்கு முதலில் எரிச்சல் வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். கையிருப்பும் கூடும். நேர்காணலுக்குப் போகும் இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை, ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் யாரைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

விண்ணப்பத்துக்கு மயக்கவியல் நர்ஸ் ஒருவரோடு ஒரு நாள் நின்று பார்த்த அனுபவம் கேட்பார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் அதற்கு அனுமதி உண்டு. டாலஸிலிருந்து காரில் வந்துவிடலாம். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உள்ளே குளிர் அதிகம்.